ஆமிக்காரனுக்கு விடிவெள்ளி தெரியாதா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். விடிய நாலு மணிக்கு மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு மீன் எடுக்க மோட்டார் சைக்கிளில் போகும் உங்கள் சித்தப்பா, ஆடிக் கடைசியில், 2025 ஓகஸ்ட் 11 அல்லது 12 ஆம் திகதி, காட்டுக்கு மேலே இரண்டு வெளிச்சங்களைக் கண்டிருக்கிறார். ஒன்று பெரிது, வெள்ளை. மற்றது சிறிது, கொஞ்சம் மஞ்சள். ஒட்டுசுட்டான் வரைக்கும் இடது கைப்பக்கமாகக் கூடவே வந்தன, அதற்கு அப்பால் வலது கைப்பக்கம் மாறின. எவ்வளவு ஓடினாலும் கிட்ட வரவில்லை, விட்டுப் போகவும் இல்லை. இடையில் ஒரு தரம் ஒன்று "பாய்ந்தது" என்கிறார். நாலு நாள் கழித்துப் பார்த்தபோது, ஒட்டி நின்றவை விலகி, பெரியது கீழே இறங்கியிருந்ததாம். ஊரில் யாரோ "அது விடிவெள்ளி" என்று சொல்ல, நீங்கள் தேடிப் பார்த்ததில் இந்திய ராணுவம் லடாக்கில் மாதக்கணக்காக மர்ம வெளிச்சங்களைத் துரத்திக் கடைசியில் கோள்கள் என்று முடித்த கதை கிடைத்திருக்கிறது. "ராடர் வைத்திருக்கிற ஆமிக்காரனுக்கு விடிவெள்ளி தெரியாதா? வெள்ளி என்பது மூடி மறைக்கச் சொல்கிற சாட்டுத்தானே?" என்று கேட்கிறீர்கள். பயிற்சி பெற்ற கண்ணும் ஒரு கோளில் ஏமாறுமா, அதிகாரி "வெள்ளி" என்று சொன்னால் அதைச் சாதாரண ஆள் எப்படிச் சரிபார்ப்பது, இதுதான் நீங்கள் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் வானியலாளர் இல்லை, எந்தப் படையிலும் இருந்தவனும் இல்லை. சேவையர், காணி அளப்பவன். தியத்தலாவையில் பயிற்சி எடுத்து, முப்பது வருடத்துக்கு மேல் வன்னிக் காடுகளிலும் குளக்கட்டுகளிலும் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் தொலைநோக்கிக் கருவியைத் தூக்கித் திரிந்தவன். ஜிபிஎஸ் வருவதற்கு முந்திய காலத்தில், நடுக்காட்டில் வடக்கு எது என்று பிழையில்லாமல் தெரிய வேண்டுமென்றால் சூரியனையோ ஒரு நட்சத்திரத்தையோ தியோடலைட்டில் பிடித்து, நேரத்தைச் சுத்தமாகக் குறித்து, அட்டவணை பார்த்துக் கணக்குப் போட வேண்டும். வானத்தில் ஒரு புள்ளி எந்த நேரத்தில் எந்தத் திசையில் நிற்கும் என்பது எங்களுக்குச் சோறு போட்ட விசயம். (எங்கள் பக்கத்தில் நட்சத்திரம் எல்லாமே வெள்ளிதான். குழப்பம் வராமல் இருக்க, இந்தப் பதிலில் வெள்ளி என்றால் கோள் மட்டும்.)

அப்படிப்பட்ட நானே ஏமாந்திருக்கிறேன். 1977 மாசி மாதம், நெடுங்கேணிப் பக்கம் ஒரு குளத்தில் அளவை வேலை. பொழுதுபட்டுக் கூடாரத்துக்கு முன்னால் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, சங்கிலி பிடிக்கும் அண்ணை மேற்கே கையைக் காட்டினார். எதிர்க்கரை மரங்களுக்கு நடுவில் பெற்றோல்மக்ஸ் போல ஒரு வெளிச்சம். "கள்ளமரம் தறிக்கிறாங்கள் சேர்" என்றார். முதிரை மரத்துக்கு அப்போதும் நல்ல விலை. இரண்டு பேரும் டோர்ச்சோடு குளக்கட்டால் நடந்தோம். நாங்கள் நடக்க நடக்க விளக்கும் பின்வாங்கியது. எங்களைக் கண்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள் என்றே நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் அது காட்டுக்குள் பதிந்து இல்லாமல் போனது. "நூத்துப்போட்டாங்கள்" என்றார் அண்ணை.

அடுத்த நாளும் அதே நேரம், அதே இடம், அதே விளக்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தியோடலைட்டைத் திருப்பிப் பிடித்தேன். அந்தக் காலத்துக் கருவி உருவத்தைத் தலைகீழாகக் காட்டும். உள்ளே கவிழ்ந்து கிடந்தது ஒரு சின்னப் பிறை, சுண்ணாம்பு வெள்ளையாக, விளிம்பு நடுங்கிக்கொண்டு. அண்ணை கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு "இது நிலவெல்லோ" என்றார். நிலவு எங்களுக்கு முதுகுப் பக்கம், கிழக்கே நின்றது. வெள்ளி பூமிக்குக் கிட்ட வரும் காலத்தில் அதன் ஒளிபடும் பக்கத்தில் ஒரு கீற்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். வெறுங்கண்ணுக்கு அது புள்ளிதான், ஆனால் அந்தக் காலத்தில்தான் அது ஆகப் பிரகாசமாக இருக்கும். நட்சத்திரம் பார்த்துத் திசை கணிக்கப் படித்த ஒருவன், ஒரு கோளை அரை மைல் நடந்து துரத்தியிருக்கிறான். அலுவலகத்தில் இதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

இதில் கண்ணின் பிழை எங்கே இருக்கிறது? ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிய, கண்ணுக்கு ஏதாவது பிடிமானம் வேண்டும். பொருளின் அளவு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்னும் பின்னும் வேறு பொருட்கள் இருக்க வேண்டும், அல்லது இரண்டு கண்ணும் காணும் கோண வித்தியாசம் போதுமானதாக இருக்க வேண்டும். சில நூறு மீற்றருக்கு அப்பால் அந்தக் கடைசி வித்தியாசம் வேலை செய்யாது. இருட்டில் ஒரு ஒளிப்புள்ளிக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. அப்போது தூரத்தை மனம் தானாகவே இட்டு நிரப்பும். மரத்துக்கு மேலே தெரிந்தால் மரத்துக்குச் சற்று அப்பால் என்று வைக்கும். தூரத்தைப் பிழையாக வைத்தால் அளவும் வேகமும் சேர்ந்து பிழைத்துவிடும். "பின்வாங்கியது", "கூட வந்தது" எல்லாம் இதிலிருந்து வருபவை. பக்கத்திலுள்ள பாலைமரம் பின்னால் ஓடுகிறது, தூரத்து மலை மெதுவாக நகர்கிறது, நிலவு கூடவே வருகிறது. கூடவே வருகிற வெளிச்சம் என்றால் அது மிகத் தூரத்தில் நிற்கிறது என்பதற்கே சாட்சி. சின்னப் பிள்ளைக்கும் நிலவு கூட வரும். நிலவு என்று தெரிந்திருப்பதால் யாரும் பயப்படுவதில்லை, அவ்வளவுதான்.

இனி சித்தப்பாவின் வீதிக்கு வருவோம், ஏனென்றால் அந்த வீதி எனக்குக் கைரேகை மாதிரி. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரை, வளைவுகளை விட்டு மொத்தமாகப் பார்த்தால், ஏ-34 வீதி கிட்டத்தட்ட நேர் கிழக்கே போகிறது. வடக்கிலிருந்து எண்ணினால் 84 பாகை அளவு. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் அது வடகிழக்குப் பக்கம் சாய்ந்து 53 பாகை அளவில் முல்லைத்தீவுக்குப் போகிறது. 2025 ஓகஸ்ட் 12 அதிகாலை வெள்ளியும் வியாழனும் எங்கள் அகலாங்கில் எழுந்த திசை வடக்கிலிருந்து 68 பாகை. முதல் பாதி வீதிக்கு 68 என்பது இடப்பக்கம். இரண்டாம் பாதிக்கு வலப்பக்கம். வெளிச்சம் பக்கம் மாறவில்லை, வீதிதான் திரும்பியது. உங்கள் சித்தப்பா ஒட்டுசுட்டானைக் குறிப்பிட்டுச் சொல்லியிருக்கிறார் பாருங்கள், அவர் நல்ல சாட்சி. கண்டதை மாற்றாமல் சொல்லியிருக்கிறார். பக்கம் மாறிய இடத்தை அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் எனக்கு இவ்வளவு தைரியமாகச் சொல்ல வந்திருக்காது.

நேரமும் பொருந்துகிறது. அந்த நாட்களில் வெள்ளி எங்கள் பக்கத்தில் மூன்றரை மணி சுமாருக்கு எழுந்தது. நாலு மணிக்கு மர உச்சிக்குச் சற்று மேலே, நாலரைக்கு நீட்டிய கையின் முட்டி ஒன்றரை அளவு உயரம். (கையை நேரே நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. வானம் மணிக்கு 15 பாகை சுற்றுகிறது. இந்த இரண்டையும் வைத்துப் பாதி மர்மங்களைத் தீர்க்கலாம்.) 12 ஆம் திகதி இரண்டும் ஒரு பாகைக்குள் நெருங்கி நின்றன, சுண்டு விரலால் இரண்டையும் மறைத்துவிடலாம். வெள்ளி வியாழனைவிட ஆறேழு மடங்கு பிரகாசம். ஒட்டி நிற்பது போலத் தெரிந்தாலும் வெள்ளி 18 கோடி கிலோமீற்றரிலும் வியாழன் ஏறத்தாழ 89 கோடி கிலோமீற்றரிலும் இருந்தன. வெள்ளி நட்சத்திரங்களுக்கிடையே நாளுக்கு ஒரு பாகைக்கு மேல் கிழக்கே நகரும். அதிகாலையில் கிழக்கு என்றால் அடிவானப் பக்கம், கீழே. நாலு நாளில் பெரியது சின்னதை விட்டுக் கீழே இறங்கியது அதனால்தான். "வெள்ளி என்றால் இடம் மாறுமா" என்று கேட்டிருந்தீர்கள். மாறும். மாறுவதால்தான் கோள் என்று பிரித்தார்கள்.

சரி, லடாக். பாங்கொங் ஏரி 4,200 மீற்றருக்கு மேலே, இந்தியாவும் சீனாவும் உரிமை கோரி நிற்கும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் கிடக்கிறது. 2012 இல் அங்கே நின்ற ராணுவமும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையும், சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து மஞ்சள் நிற உருண்டைகள் எழும்பி, மூன்று முதல் ஐந்து மணித்தியாலம் வானத்தில் மெதுவாக நகர்ந்து மறைவதாக மேலிடத்துக்கு எழுதினார்கள். பத்திரிகைகளில் வந்த கணக்கின்படி 2012 ஓகஸ்டுக்கும் 2013 பெப்ரவரிக்கும் இடையில் 329 தடவை கண்டதாகப் பதிவு. அதில் 155 தடவை எல்லைக் கோட்டைத் தாண்டியதாகவும் எழுதியிருந்தார்கள். எழும்பி, மெதுவாக ஏறி, மணிக்கணக்காக நின்று, மறைகிற ஒன்று. தியோடலைட் பிடித்தவனுக்கு அந்த விவரணையைக் கேட்டவுடனேயே வாய் துறுதுறுக்கும். ஆனால் பனிக்குள் துவக்கோடு நிற்கிறவனின் மனம் வேறு.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஏரிக்குப் பக்கத்து மலையில் ராடரை ஏற்றினார்கள். வானொலி அலை ஏதாவது வெளிவருகிறதா என்று பார்க்கும் கருவியையும் ஏற்றினார்கள். ராடரில் ஒன்றும் விழவில்லை, அலையும் வரவில்லை. ஒரு வேவு ட்ரோனை அதன் பக்கம் ஏவினார்கள். அது தன்னால் முடிந்த உயரம் வரை போயும் பொருளை எட்டவில்லை. இதிலிருந்து அப்போது சிலர் எடுத்த முடிவு என்ன தெரியுமா? "அது உலோகத்தால் ஆனதல்ல." எனக்கு இந்த இடம்தான் முழுக்கதையிலும் பிடித்தது. ராடர் ஒரு அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதற்குக் காத்திருக்கும் கருவி. படவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். பொருள் அலையைத் திருப்பாத சாமானாக இருக்கலாம், அல்லது அலை எட்டாத தூரத்தில் இருக்கலாம். தூரத்தை ஏற்கெனவே மனதில் "அந்த மலைக்கு மேலே" என்று தீர்த்துவிட்டவர்களுக்கு இரண்டாவது காரணம் தோன்றவே தோன்றாது. வெள்ளியிலிருந்தும் ராடர் எதிரொலி எடுக்கலாம், 1961 இல் அமெரிக்காவில் கோல்ட்ஸ்டோன் நிலையத்தில் எடுத்தார்கள். அதற்குப் பெரிய தட்டு அலைவாங்கி வேண்டும், எதிரொலி வருவதற்கு ஐந்தாறு நிமிடம் காத்திருக்கவும் வேண்டும். மலையில் வைத்த ராடர் நொடியின் சிறு பங்குக்குள் பதிலை எதிர்பார்ப்பது. ஆக, "ராடர் இருந்ததே" என்ற உங்கள் வாதம் கோளுக்கு எதிரான சாட்சி இல்லை. கண்ணுக்குத் தெரிந்து ராடருக்குத் தெரியாதது என்பது கோளின் குணமேதான்.

முடிச்சை அவிழ்த்தது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கி நிலையத்தை நடத்துகிறவர்களும் அவர்கள்தான், லடாக்கில் ஹன்லேயில் 2 மீற்றர் தொலைநோக்கியை வைத்திருப்பவர்களும் அவர்கள்தான். அவர்கள் செய்தது எங்கள் சேவையர் வேலை: அந்த வெளிச்சம் பின்னணி நட்சத்திரங்களைப் பொறுத்து எங்கே நிற்கிறது, எப்படி நகர்கிறது என்று குறித்தது. நட்சத்திரங்களோடு சேர்ந்து எழுந்து சேர்ந்து சாய்ந்தால் அது பூமிக்கு வெளியே. அவ்வளவுதான் சோதனை. ஒன்று மாலை ஆறு மணி அளவில் எழுவது, மற்றது அதிகாலை நாலு மணி அளவில் எழுவது. முதலாவது வியாழன், இரண்டாவது வெள்ளி என்று 2013 இல் செய்தி வந்தது. 2012 டிசெம்பர் தொடக்கத்தில் வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே நின்றது, பொழுதுபட எழுந்து விடியப் படுக்கும் காலம். வெள்ளி அந்தக் காலம் முழுவதும் விடிவெள்ளி. மார்கழியில் வெள்ளி எழ வியாழன் உறங்கியதை ஆண்டாள் பாடியது எல்லோருக்கும் தெரியும். அதே காட்சியை எல்லைக் காவலரணில் இருந்து பார்த்தவர்கள் ஊடுருவல் என்று பதிந்தார்கள்.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். விவரித்த நேரமும் நகர்வும் கோள்களோடு பொருந்துவது உறுதி, யாரும் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த உயரத்தில் காற்று மெல்லியது, தூசி குறைவு, அடிவானத்துக்குக் கிட்டவும் ஒளி அவ்வளவாக மங்காது, அதுவும் உறுதி. ஆனால் 329 பதிவும் கோள்தானா என்றால், அப்படிச் சொல்ல என்னால் முடியாது. மாதக்கணக்கான பதிவில் விமானம், ட்ரோன், செய்மதி எல்லாம் கலந்திருக்க இடமுண்டு. 2012 செப்டெம்பரில் ஹன்லேயிலிருந்து போன குழு அது விண்பொருள் அல்ல என்று சொன்னதாகவும் அப்போது பத்திரிகையில் வந்தது. பிறகு வந்த முடிவு அதற்கு நேர்மாறு. இதை வைத்து "மறைத்தார்கள்" என்று சொல்வோரும் உண்டு. என் அனுபவத்தில் முதல் நாள் அளவைக்கும் கடைசி அளவைக்கும் வித்தியாசம் வராத வேலை கிடையாது. கடைசி அளவையை நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுச் செய்திருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

மூடி மறைக்க வெள்ளியைச் சாட்டுவார்களா என்ற கேள்வியும் வெறும் சந்தேகப் பேச்சு அல்ல. 1948 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு படைத்தள வானத்தில் வட்டமாக ஏதோ தெரிய, தோமஸ் மன்டெல் என்ற விமானி அதைத் துரத்தி ஏறினார். ஒட்சிசன் இல்லாமல் அளவுக்கு மேல் உயரம் போனதில் நினைவிழந்து, விமானம் விழுந்து இறந்தார். அமெரிக்க விமானப்படை முதலில் சொன்ன விளக்கம்: வெள்ளி. திசை ஓரளவு பொருந்தியது, ஆனால் பட்டப்பகலில் வெள்ளி ஊசிமுனைப் புள்ளி. எங்கே என்று துல்லியமாகத் தெரிந்து தேடினால்தான் கண்ணுக்குப் பிடிபடும். பல பேர் பார்த்துப் பெரிய வட்டம் என்று சொல்லும் பொருளாக அது இருக்க முடியாது. பிற்பாடு ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம் ஸ்கைஹூக் என்ற பெரிய ஆய்வு பலூன். அப்போது அது கடற்படையின் இரகசியத் திட்டம், விசாரித்தவர்களுக்கே தெரியாது. ஆகவே "வெள்ளி" என்ற சொல்லைக் கேட்டவுடன் தலையாட்டவும் கூடாது. திகதி, நேரம், திசை, உயரம், பிரகாசம் ஐந்தும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மன்டெல் விடயத்தில் திசை பொருந்தியது, பிரகாசம் பொருந்தவில்லை.

அதே விமானப்படை, வானத்தில் கண்ட இன்னதென்று தெரியாத பொருட்களைப் பற்றி 1952 முதல் 1969 வரை புளூ புக் என்ற பெயரில் நடத்திய விசாரணையில், முந்திய விசாரணைகளின் பதிவுகளோடு சேர்த்து 12,618 பதிவுகள். 701 ஐ இன்னதென்று அடையாளம் காண முடியவில்லை என்று அவர்களே எழுதி வைத்தார்கள். மறைப்பதுதான் நோக்கம் என்றால் அந்த 701 ஐயும் வெள்ளி, பலூன் என்று எழுதி மூடியிருக்கலாமே என்று எனக்குப் படும். மறுபக்கம் சொல்பவர்கள், மிச்சத்திலும் அவசர முடிவுகள் இருந்தன என்பார்கள். அதுவும் நியாயம். அவர்களுக்கு ஆலோசகராக இருந்த வானியலாளர் ஹைனெக்கே பிற்காலத்தில் அந்த விசாரணையின் தரத்தைக் குறை சொன்னார்.

பயிற்சி பெற்ற கண் பற்றி இன்னும் ஒன்று. 1967 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் பல ஊர்ப் பொலிசார் அதிகாலையில் ஒரு வெளிச்சத்தைத் துரத்தினார்கள், அது தங்கள் காரைத் திருப்பித் துரத்தியது என்றும் சொன்னார்கள். விசாரணையில் வந்தது வெள்ளி. இருட்டில் தனியாக நிற்கும் புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், புள்ளி அசையாமலே அசைவது போலத் தெரியும். 1799 இல் ஹம்போல்ட் என்ற ஜெர்மன் அறிஞர் நட்சத்திரம் ஊசலாடுவதாகவே எழுதி வைத்தார், ஆடியது அவர் கண். 1935 இல் முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் இருட்டறையில் ஆட்களை இருத்தி, அசையாத ஒரு ஒளிப்புள்ளியைக் காட்டி, எவ்வளவு அசைந்தது என்று கேட்டார். தனியாகக் கேட்டபோது ஆளுக்கொரு கணக்கு. கூட்டாக இருந்து சொன்னபோது கணக்குகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. "நாலு பேர் ஒரே மாதிரிச் சொன்னார்கள்" என்பதை நான் அதன் பிறகு பெரிய சாட்சியாக எடுப்பதில்லை. நாலு பேர் தனித்தனியாக, ஒருவரோடு ஒருவர் பேசாமல் சொல்லியிருந்தால் அது வேறு.

எதற்குப் பயந்திருக்கிறோமோ அதுதான் தெரியும் என்பதை எங்கள் சனத்துக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2009 மாசியில் புதுக்குடியிருப்புக்குக் கிழக்கே தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். பொழுதுபடும் நேரம், மேற்கே வெள்ளி அதன் உச்சப் பிரகாசத்தில் நின்றது. அக்காவின் பேரன், ஆறு வயது, கையைக் காட்டி "வண்டோ?" என்று கேட்டான். வண்டு என்றால் வேவு விமானம் என்று உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. வண்டு இரைந்துகொண்டு வரும், இது சத்தமில்லாமல் நின்றது. ஆனாலும் பக்கத்திலிருந்த பெரியவர்கள் பங்கருக்குள் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். வெள்ளி எட்டு வருடத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே திகதியில் அதே இடத்துக்குத் திரும்பி வரும். 1977 இல் குளக்கட்டில் நான் துரத்திய அதே மாசி வெள்ளிதான் நாலு சுற்றுச் சுற்றி வந்திருந்தது. கணக்குத் தெரியும், ஆனால் அந்த நேரம் கணக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. லடாக்கில் சீன ட்ரோனைத் தேடி நின்ற பொடியனை நான் எப்படிச் சிரிப்பது?

கடைசியாக, சித்தப்பா சொன்ன அந்தப் பாய்ச்சல். இரண்டு வெளிச்சமும் வெள்ளியும் வியாழனும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாய்ந்ததை அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். ஓகஸ்ட் 12, 13 என்பது பெர்சியஸ் எரிகல் பொழிவின் உச்ச நாட்கள், அவை வடகிழக்குப் பக்கமிருந்துதான் வரும். கோளுக்குப் பக்கத்தால் ஒரு எரிகல் கோடு கிழித்திருந்தால், ஓடும் வண்டியில் இருப்பவருக்குக் கோளே பாய்ந்தது போலப்பட்டிருக்கலாம். கிடங்கில் வண்டி விழுந்து தலை அதிர்ந்தாலும் அப்படித்தான் தெரியும், அந்த வீதியில் கிடங்குக்குப் பஞ்சமில்லை. எது என்று அவர் சொல்லும் இன்னும் ஒன்றிரண்டு விவரம் இல்லாமல் தீர்மானிக்க முடியாது: பாய்ந்த பிறகு எத்தனை வெளிச்சம் இருந்தது, இரண்டா ஒன்றா? இரண்டும் இருந்தால் எரிகல் பக்கம் சாய்வேன்.

நீங்களே சோதிக்க விரும்பினால், வெள்ளி விடிவெள்ளியாக அதிகாலையில் தெரியும் ஒரு காலத்தைப் பாருங்கள்; 2025 ஆவணிக் கடைசியில் இரண்டும் இன்னும் அதிகாலை வானத்தில்தான் நின்றன. அதே இடத்தில் விடியுமுன் வண்டியை நிறுத்தி, எஞ்சினை நூத்துவிட்டு, ஒரு மின்கம்பத்தின் விளிம்போடு வெள்ளியைப் பொருத்திப் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். எங்கள் பக்கத்தில் கோள்கள் அடிவானத்திலிருந்து சரியாமல், தென்னையில் ஏறுவது போலக் கிட்டத்தட்ட நேரே ஏறும். பத்து நிமிடத்தில் சுண்டு விரல் அகலத்தைப் போல இரண்டரை மடங்கு ஏறியிருக்க வேண்டும். அந்த ஆவணிக் கடைசியில் வியாழன் அதற்கு மூன்று முட்டிக்கு மேல் உயரத்தில் தனியே நின்றது. ட்ரோன் என்றால் பத்து நிமிடம் அப்படி ஒரே சீராக ஏறாது. செய்மதி சில நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும், வரிசையாக வண்டிப் பெட்டி போலப் போனால் அது ஸ்டார்லிங்க் என்ற இணையச் செய்மதிக் கூட்டம்.

சித்தப்பாவிடம் இன்னொன்றும் கேளுங்கள், ஆனால் பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்காமல் கேளுங்கள். அன்று நிலவு இருந்ததா, இருந்தால் எங்கே? பூரணை கழிந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவர் சொன்ன திகதி சரியென்றால் நாலு மணிக்குத் தேய்நிலவு மேற்குப் பக்கம் உயரத்தில், அவர் முதுகுக்குப் பின்னால், மீன்பெட்டிக்கு மேலே நின்றிருக்க வேண்டும். வண்டியின் நிழல் முன்னால் வீதியில் விழுந்ததா என்று கேட்டு எழுதுங்கள்.